கலர் கேமராவில் கரினா நெபுலா: ஸ்டாக் செய்யும்போது நிறம் எங்கே போகிறது

ஆந்திராவின் குப்பத்திலிருந்து பார்த்தால், ஒளிரும் வாயு மேகமான கரினா நெபுலா எவ்வளவு ஏறினாலும் தெற்கு அடிவானத்துக்கு மேலே 17 டிகிரிதான். மார்ச் மாதத்தில் நள்ளிரவை ஒட்டி அந்த உயரத்துக்கு வரும். அதற்கு நேர் கீழே பர்கூர்ப் பக்கத்து வெளிச்சம் வேறு. இருந்தாலும் கிழக்கே மலைக்கு அந்தப் பக்கம் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, இந்த வானத்தை நம்பித்தானே அங்கே தொலைநோக்கி வைத்தார்கள் என்ற தைரியத்தில், 60 மி.மீ ரிஃப்ராக்டரையும் (லென்ஸ் தொலைநோக்கி) 533 என்ற மாடல் கலர் வானியல் கேமராவையும் மொட்டை மாடியில் ஏற்றினேன். ஒரு நிமிஷ பிரேம்கள் (தனித்தனிப் படங்கள்), சென்சார் மைனஸ் 10 டிகிரியில்.

லேப்டாப்பில் பிரேம்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதை எட்டிப் பார்த்த மச்சான், "ஏன் மாப்ள, கலர் கேமரான்னுதானே வாங்குன?" என்றார். நியாயமான கேள்விதான். எல்லாமே சாம்பல்.

சாம்பலாக இருப்பதுதான் சரி. கலர் கேமராவின் சென்சாருக்கும் நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு ஃபில்டர் இருக்கும். நான்கு பிக்சலுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம், இரண்டு பச்சை. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கேமரா தருவது வெளிச்ச அளவை மட்டும். எந்தப் பிக்சல் எந்த நிறம் என்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் தெரியும். டிஎஸ்எல்ஆர் கோப்பு என்றால் மாடல் பெயரைப் பார்த்தே மென்பொருள் புரிந்துகொள்ளும். வானியல் கேமரா தரும் ஃபிட்ஸ் கோப்பில், அதன் தொடக்கக் குறிப்பான ஹெடரில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் நாம்தான் சொல்ல வேண்டும்.

நெபுலாவின் பிரகாசமான பகுதியை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகத் தெரியும். நெபுலாவின் ஹைட்ரஜன் வாயு விடும் ஹைட்ரஜன் ஆல்பா ஒளி 656 நானோமீட்டர், நல்ல சிவப்பு. அதனால் அது தூக்கலாக உள்ள இடங்களில் நான்கில் ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருக்கும். நிறம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

இது தொலைவது ஸ்டாக் செய்யும்போது, அதாவது பல பிரேம்களை ஒன்றாகச் சேர்க்கும்போது. டிபேயர் செய்யாமல், அதாவது பக்கத்துப் பிக்சல்களை வைத்து ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறத்தையும் கணக்கிடாமல், பிரேம்களை அப்படியே அலைன் செய்தால் (நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பொருத்தினால்), பிரேமுக்குப் பிரேம் நட்சத்திரங்கள் சில பிக்சல் நகர்ந்திருக்குமே, அந்த நகர்வில் ஒன்றின் சிவப்புப் பிக்சல் இன்னொன்றின் பச்சைமேல் விழுந்து எல்லாம் கலந்துவிடும். அப்படி வந்த ஸ்டாக்கில் சாச்சுரேஷனை எவ்வளவு ஏற்றினாலும் நிறம் வராது. அதனால் தனித்தனி பிரேம்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். அவற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பத் தொடங்கலாம்.

சிரில் என்ற ஸ்டாக்கிங் மென்பொருளில் கலர் கேமராவுக்கான ஸ்கிரிப்டை ஓட்டினால், முதலில் டிபேயர், பிறகு அலைன் என்ற வரிசையை அதுவே பார்த்துக்கொள்கிறது. டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இன்னொரு மென்பொருளில் ஃபிட்ஸ் அமைப்புக்குள் போய், இவை கலர் கேமராவின் ரா கோப்புகள் என்ற கட்டத்தில் டிக் போட்டு, ஆர்ஜிஜிபி (மேல் வரியில் சிவப்பு, பச்சை; கீழ் வரியில் பச்சை, நீலம்) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டிபேயர் நடந்ததா என்று பார்க்க எளிய வழி கோப்பின் அளவு. இந்தச் சென்சார் 3008-க்கு 3008. சாம்பல் பிரேம் சுமார் 18 எம்பி. நிறம் பிரிந்ததும் அதே 16 பிட்டில் 54 எம்பி.

வேண்டுமென்றே தப்பான நிற வரிசை கொடுத்தும் பார்த்தேன். பிஜிஜிஆர் என்றால் சிவப்பும் நீலமும் இடம் மாறி, நெபுலா நீலமாகிறது. ஜிபிஆர்ஜி கொடுத்தால் நெபுலா பச்சை, பின்னணி ஊதா. இந்தப் பச்சை நெபுலா வந்தால் பெரும்பாலும் கேமரா மேல் குற்றமில்லை. சில மென்பொருள்கள் வரிகளை மேலிருந்து கீழாக எழுதுகின்றன, சில கீழிருந்து மேலாகப் படிக்கின்றன. படம் தலைகீழானால் ஆர்ஜிஜிபி தானாகவே ஜிபிஆர்ஜி ஆகிவிடும்.

டார்க் (மூடி போட்டு எடுத்து, சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிக்கும் படம்), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுத்து, தூசி நிழலைச் சரிசெய்யும் படம்) எல்லாவற்றையும் சாம்பல் நிலையிலேயே முடித்துவிட வேண்டும். முதலில் டிபேயர் செய்தால், சிவப்பு ஃபில்டருக்குக் கீழே உள்ள ஒரு சூடான பிக்சல் (ஒளி படாமலே பளிச்சிடும் பிக்சல்) பக்கத்துப் பிக்சல்களுக்கும் பரவிச் சின்னச் சிவப்புப் பொட்டாகிவிடும். பிறகு டார்க்கால் அதைச் சுத்தமாகக் கழிக்க முடியாது. எங்கள் பக்கம் கிரானைட் தூசி அதிகம், ஃபிளாட் இல்லாமல் பேச்சே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் முதலில் வந்த ஸ்டாக் பச்சை பூசியதுபோல இருந்தது. இரண்டு பச்சைப் பிக்சல் இருப்பதால்தான் இப்படி என்று நிறைய பேர் சொல்வார்கள். டிபேயரில் அவை கூட்டப்படுவதில்லையே! சென்சாரும் ஃபில்டரும் சேர்ந்து பச்சையை அதிகமாக வாங்குகின்றன, அவ்வளவுதான். பின்னணியில் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்த வெளிச்சச் சாய்வை எடுத்துவிட்டு, நட்சத்திரங்களின் அளந்த நிறத்தோடு ஒப்பிடும் கலர் கேலிப்ரேஷனைச் சிரிலில் ஓட்டியதும் பச்சை போய், சிவப்பு நெபுலாவுக்கு நடுவில் ஈட்டா கரினே என்ற நட்சத்திரம் ஆரஞ்சாக எழுந்து நின்றது. மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இப்பதான் காசுக்கு அர்த்தம்" என்று பதில்.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி. 17 டிகிரி உயரத்தில் காற்று மண்டலமே பட்டகமாகிவிடுகிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மேல்பக்கம் நீல ஓரம், கீழ்ப்பக்கம் சிவப்பு ஓரம். என் கணக்குக்கு ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். மூன்று நிறங்களையும் தனித்தனியாக அலைன் செய்ததில் பெருமளவு போய்விட்டது, பெரிய நட்சத்திரங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அடுத்த அமாவாசைக்கு டித்தரிங் போட்டு (பிரேமுக்குப் பிரேம் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி) எடுத்து, டிபேயருக்குப் பதிலாக டிரிசில் முறையில், அதாவது பக்கத்துப் பிக்சலை வைத்து ஊகிக்காமல் ஒவ்வொரு நிறப் பிக்சலையும் அதனதன் இடத்தில் சேர்க்கும் முறையில், நிறம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.