கைய மேல தூக்கும்போது தோள்ல என்ன நடக்குது
பிசியோ படிக்கப் போற பிள்ளைங்க முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது அனாட்டமிக்கல் பொசிஷன்தான், அதாவது உடம்பு அசைவையெல்லாம் சொல்றதுக்கு அடிப்படையா வெச்சுக்குற நிலை, நேரா நின்னு உள்ளங்கை முன்னாடி பாக்குற மாதிரி, இடது வலதுன்னு சொல்றதெல்லாம் பேஷண்டோடது, நம்மளோடது இல்ல. முழங்கைய மடக்குனா ஃப்ளெக்‌ஷன், நீட்டுனா எக்ஸ்டென்ஷன், அது ஈஸி. எனக்கு ரொம்பப் புடிச்சது அப்டக்‌ஷன், அதாவது கைய பக்கவாட்டுல உடம்ப விட்டு விலக்கித் தூக்குறது. தலைக்கு மேல வரைக்கும் 180 டிகிரி போகுதுன்னா அதுல தோள் மூட்டோட பங்கு சுமார் 120 தான், மிச்ச 60 முதுகுப் பக்கம் இருக்குற தோள்பட்டை எலும்பு சுழல்றதால வருது!! அதனால புளோக்குக்குக் கீழ ஃபிட்னஸ் கார்னர்ல எக்சர்சைஸ் பண்ற தாத்தா பாட்டிங்களுக்கு கை மேல வரலன்னா மூட்ட மட்டும் பாத்தா பத்தாது, பின்னாடி போய் நின்னு அந்த எலும்பும் சேந்து நகருதான்னு கண்டிப்பா பாக்கணும்.