ராஜகோபுரத்த அம்மா தன் கண்ணால எண்ணின நாள்

அம்மாவோட வேண்டுதல் கொஞ்சம் வித்தியாசமானது. கண்ணுல புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா ஸ்ரீரங்கம் வந்து சேவிக்கறேன்னு எல்லாரும் வேண்டிக்குவாங்க. எங்க அம்மா என்ன வேண்டிக்கிட்டாங்கன்னா, "ரங்கா, காவிரிப் பாலத்துல வரும்போதே உன் ராஜகோபுரம் என் கண்ணுக்குத் தெரியணும், பதிமூணு நிலையையும் யாரும் சொல்லாம நானே எண்ணணும், எண்ணிட்டுத்தான் உள்ள வருவேன்"னு. போன தடவை கூட்டிட்டு வந்தப்ப ரெண்டு கண்ணும் ரொம்ப மோசமா இருந்துச்சு, பாலத்துல நிறுத்தி காட்டினா "ஏதோ நிக்குதுன்னு தெரியுதுப்பா, கோபுரமா மரமான்னு தெரியல"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அன்னிக்கு வேண்டிக்கிட்டதுதான் இது.

பெருமாள விட்டுட்டு கோபுரத்துக்கு ஏன் இவ்வளவுன்னு கேட்டா, அதுல ஒரு கதை இருக்கு. அம்மா பொறந்தது லால்குடி பக்கம். சின்ன வயசுல ஏகாதசிக்கு தாத்தா கூட்டிட்டு வரும்போது இந்த ராஜகோபுரமே கிடையாது, தெற்கு வாசல்ல வெறும் கல் அடித்தளம் மட்டும் நிக்குமாம், ஊரே அத மொட்டைக் கோபுரம்னுதான் சொல்லும். விஜயநகர அச்சுதராயர் காலத்துல ஆரம்பிச்சு ஏதோ காரணத்தால நின்னு போய் 400 வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு. எத்தனையோ தலைமுறை அந்த மொட்டைய பாத்தே பொறந்து செத்துருக்காங்க. அப்புறம் அகோபில மடத்து 44-வது ஜீயர் சுவாமிகள் அந்த வயசான காலத்துல 1979-ல வேலைய கையில எடுத்து, ஊர் ஊரா ஜனங்க கொடுத்த காசுல, பெரிய மனுஷங்க ஒவ்வொரு நிலைக்குன்னு கொடுத்ததுல, எட்டே வருஷத்துல 13 நிலை, 236 அடின்னு எழுப்பிட்டார். 1987 மார்ச் 25 கும்பாபிஷேகம். எங்க தாத்தாவும் நெல்லு வித்த காசுல தன்னால முடிஞ்சத கொடுத்தார். கும்பாபிஷேகத்தப்ப நான் கைக்குழந்தை, அம்மாவால கோயம்புத்தூர்ல இருந்து வர முடியல, தாத்தா மட்டும் போய் நின்னு பாத்துட்டு வந்து லெட்டர் போட்டாராம். தாத்தா இப்ப இல்ல. அம்மாவுக்கு அந்தக் கோபுரம்னா அவங்க அப்பா.

லீவு கிடைச்சது புரட்டாசி சனிக்கிழமைதான். தெரிஞ்சவங்க எல்லாரும் வேண்டாம் கூட்டம் கொன்னுடும்னாங்க, அம்மா "அவன் கூப்பிடற நாள்ல போறோம்"னுட்டாங்க. உறையூர்ல பெரியம்மா பொண்ணு வீட்ல தங்கிட்டு விடியக்காலைல ஆட்டோ பிடிச்சோம். பாலத்து மேல நிறுத்த மாட்டேன்னுட்டார் டிரைவர், அது நியாயம்தான், அதனால சிந்தாமணி அண்ணா சிலை கிட்டயே இறங்கி பாலத்து ஓரமா நடந்தோம். காவிரில தண்ணி நல்லா போயிட்டு இருந்துச்சு. பஸ்ஸு போற ஒவ்வொரு தடவையும் பாலம் அதிருது, அம்மா என் முழங்கைய பிடிச்சுக்கிட்டு தலைய குனிஞ்சே வராங்க, நிமிரவே இல்ல. பயம்னு எனக்குப் புரிஞ்சுது. தெரியலன்னா என்ன பண்றதுன்னு பயம். நடு ஆத்துக்கு வந்தப்புறம் நான் ஒண்ணும் சொல்லல, அவங்களே நின்னு மெதுவா நிமிர்ந்தாங்க.

தென்னந்தோப்பு ஒரே பச்சையா இருக்கு, அதுக்கு மேல வெயில் பட்டு கலர் கலரா நிக்குது கோபுரம்.

அம்மா ஒண்ணுமே பேசல. கைய எடுத்துக் கும்பிடக்கூட இல்ல, என் முழங்கைய விட்டுட்டு கைப்பிடிச் சுவத்த பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாங்க. அப்புறம் திரும்பிப் பின்னாடி மலைக்கோட்டைய பாத்தாங்க, மறுபடி கோபுரத்த பாத்தாங்க. "நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப இந்தப் பக்கம் பிள்ளையார் மட்டும்தான் உசரமா இருப்பாரு, அந்தப் பக்கம் வெறும் மரம்தான், மரத்துக்கு நடுவுல கோயிலோட கிழக்கு வாசல் வெள்ளக் கோபுரம் தெரிஞ்சா தெரியும்"னாங்க. எனக்கு அது அப்பதான் உறைச்சுது. நான் பாத்த திருச்சில இந்த ரெண்டும் எப்பவுமே எதிரும் புதிருமா இருக்கு, ஆனா அம்மாவோட திருச்சில ஆத்துக்கு ஒரு கரைல மட்டும்தான் உயரம். மலைக்கோட்டை 83 மீட்டர் பாறை, ராஜகோபுரம் கிட்டத்தட்ட 72 மீட்டர், ஏறக்குறைய சமத்துக்கு வந்துடுது. விபீஷணன் கையில இருந்த ரங்கவிமானத்த கீழ வைக்க வச்சுட்டு அந்தப் பாறை மேல ஓடி ஏறி உக்காந்த பிள்ளையாருக்கு, இந்தக் கரைல இருந்து பதில் சொல்ற உயரம் 1987-லதான் வந்துச்சு. இவ்வளவு பழைய ஊருக்கு இவ்வளவு புதுசா ஒரு உயரம் வந்து, அது புதுசுன்னே இன்னிக்கு யாருக்கும் தோணல பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொண்ணும் நினைச்சுக்கிட்டேன். நாங்க தங்கின உறையூர்தான் திருப்பாணாழ்வார் அவதரிச்ச ஊரு. ஒதுக்கி வச்ச பாணர் குலம்ங்கறதால ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு இதே தென்கரைல நின்னு ரங்கன் இருக்கற திசைய பாத்தே பாடிட்டு இருந்தவர் அவர். அப்ப அவருக்குத் தெரியறதுக்கு இந்தக் கோபுரம் இல்ல. இப்ப உள்ள வர முடியாதவங்க, நடக்க முடியாதவங்க, பஸ்ல வேற ஊருக்குப் போயிட்டு இருக்கறவங்க எல்லாருக்கும் பாலத்துலயே அவன் வாசல் தெரியுது. பஸ் ஜன்னல்ல இருந்து கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறவங்க எத்தனை பேருன்னு அங்க நின்னு பாத்தாதான் தெரியும்.

அம்மா மண்டபம்னு சொல்ற காவிரிப் படித்துறைல கால் நனைச்சுட்டு நேர் ரோட்டுல கோபுரத்த பாத்து நடக்க ஆரம்பிச்சா ஒரு விஷயம் மனசக் கஷ்டப்படுத்துது. பாலத்துல அவ்வளவு கம்பீரமா தெரிஞ்ச கோபுரம் கிட்டப் போகப் போக மறைஞ்சு மறைஞ்சு தெரியுது. அதுக்கு மேல உயரமா யாரும் கட்டிடல, ஆனா நம்ம கண்ணுக்குப் பக்கத்துல ஒரு நாலு மாடி இருந்தாலே தூரத்துல இருக்கற 236 அடி காணாமப் போயிடும். லாட்ஜு, அபார்ட்மெண்ட், மொட்டை மாடித் தண்ணி டேங்க், அது போதாதுன்னு ஃப்ளெக்ஸ் பேனர். மதுரைல மீனாட்சி கோவில சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு, அத மீறிக் கட்டி கோர்ட்டு வரைக்கும் போச்சு. ரூல் எதுக்குன்னு புரியாதவங்க ஒரு தடவை வயசானவங்கள கூட்டிட்டு இப்படி நடந்து பாக்கணும். ஒரு கோபுரத்த காப்பாத்தறதுன்னா பெயிண்ட் அடிச்சு கும்பாபிஷேகம் பண்றது மட்டும் இல்ல, அதுக்கும் பாக்கற கண்ணுக்கும் நடுவுல இருக்கற வெட்டவெளியையும் காப்பாத்தணும்.

வாசல் கிட்ட வந்தப்ப அந்தக் கூட்டம். செருப்பு இங்க விடுங்க, துளசி மாலை இங்க வாங்குங்க, பூ வாங்கினாதான் செருப்பு வைப்போம்னு ஒரே சத்தம். ஒருத்தர் எங்க பின்னாடியே வந்து "பெரியவங்கள வச்சிருக்கீங்க, அரை மணி நேரத்துல மூலவர் கிட்ட நிக்க வைக்கிறேன், பாத்துக் கொடுங்க"ன்னு விடவே இல்ல. வேண்டாம்னு நாலு தடவை சொன்னப்புறம் முறைச்சுட்டுப் போனார். பெருமாள் வாசல்ல நின்னுக்கிட்டு வயசானவங்களோட இயலாமைய விலை பேசறது எனக்கு வயிறு எரியுது, சொல்லாம இருக்க முடியல.

இவ்வளவு கலாட்டாலயும் அம்மா நடு ரோட்டுல நின்னுட்டாங்க. கழுத்த அண்ணாந்து, விரல நீட்டி, கீழ இருந்து எண்ணறாங்க. ஒவ்வொரு நிலைக்கும் நடுவுல வாசல் மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அத வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா. ஏழு கிட்ட ஒரு பைக்காரன் ஹார்ன் அடிச்சதுல விட்டுட்டாங்க, மறுபடி முதல்ல இருந்து. எனக்கு எடுத்துக் கொடுக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வேண்டுதல் ஞாபகம் வந்து வாய மூடிக்கிட்டேன். பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. மேல கலசத்தையும் எண்ணப் பாத்தாங்க, கண்ணு கூசுதுன்னு விட்டுட்டாங்க. அப்புறம் என்கிட்ட திரும்பி, "எங்கப்பா காசு இதுல எந்த நிலைல இருக்கோ"ன்னாங்க. அவ்வளவுதான். நான் அந்த இடத்துலயே அழுதுட்டேன், பக்கத்துல பூ வித்த அக்கா பயந்து போய் தண்ணி பாட்டில நீட்டினாங்க, அவங்க நல்லா இருக்கணும்.

உள்ள போறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சித்திரை வீதி தாண்டி அடுத்த கோபுரம், உத்திர வீதி தாண்டி ரங்கா ரங்கா கோபுரம், அப்புறம் கார்த்திகை கோபுரம், கருடாழ்வார், ஆர்யபடாள் வாசல். இந்தத் தடவை அம்மா ஒவ்வொரு வாசல்லயும் நின்னு மேல பாத்து பாத்து வந்ததால எனக்கும் ஒண்ணு தெரிஞ்சுது, வெளிய இருக்கறதுதான் எல்லாத்தையும் விட உசரம், உள்ள போகப் போக வாசல் குறுகி உயரம் குறைஞ்சுட்டே வருது. அவன் படுத்திருக்கற இடத்துல தங்க விமானம் இருக்கே, அது வெளிய எங்க நின்னாலும் தெரியாது, உள்ள வந்து தேடினாத்தான் தெரியும். மத்த ஊர்ல பெரிய கட்டிடம்னா நடுவுல நிக்கும், சுத்தி இருக்கறதெல்லாம் சின்னதா இருக்கும். இங்க தலைகீழ். உயரம் எல்லாம் வெளிய நின்னு கூப்பிடறதுக்கு, கூப்பிட்டதுக்கப்புறம் ஊரே படிப்படியா தணிஞ்சு நம்ம தலையையும் தணிய வச்சு அவன்கிட்ட விட்டுடுது. ஏழு சுத்துக்குள்ள வீடும் கடையும் ஸ்கூல் பிள்ளைங்களும் காய்கறி வண்டியும்னு ஒரு ஊரே குடியிருக்கு, அத்தனையும் அவனச் சுத்தித்தான்.

க்யூவ பத்தி என்ன சொல்ல. புரட்டாசி சனி, அவ்வளவுதான். பேட்டரி காருக்கு நின்னு பாத்தோம், நமக்கு முன்னாடி பெரிய வரிசை, விட்டுட்டு நடந்தே போயிட்டோம். கம்பிக்குள்ள மணிக்கணக்கா நின்னதுல அம்மாவுக்கு கால் வீங்கிடுச்சு, சுகர் இருக்கறதால நான் பிஸ்கட்டும் தண்ணியும் கொடுத்துக்கிட்டே இருந்தேன். பின்னாடி தள்றவங்க தள்ளிக்கிட்டே இருக்காங்க, முன்னாடி இருக்கறவங்க எங்க போவாங்கன்னு யாருக்கும் யோசனை இல்ல. ஒரு இடத்துல அம்மா தடுமாறி கம்பில சாஞ்சுட்டாங்க, எனக்குக் கோவம் வந்து கத்திட்டேன். அம்மா என் கையத் தட்டி "ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு ஒண்ணும் ஆகல, விடு"ன்னு சொல்லிட்டு வாய்க்குள்ள பாசுரம் சொல்லிட்டே நின்னாங்க.

உள்ள போனதும் இருட்டு, நெய் வாசம், பச்சைக் கற்பூர வாசம். பெரிய பெருமாள் தெற்க பாத்து படுத்திருக்கார், முன்னாடி உற்சவர் நம்பெருமாள். நமக்குக் கிடைக்கறது சில நொடிதான், அதுக்குள்ள முகத்த பாக்கறதா திருவடிய பாக்கறதான்னு தவிச்சுப் போயிடுவோம். தீபம் காட்டினப்ப அம்மா திருவடியத்தான் பாத்தாங்க. அங்க இருந்தவர் நகருங்கோ நகருங்கோன்னு சொல்லிட்டே இருந்தவர், அம்மா "தெரியுது சாமி, விரல்கூட தெரியுது"ன்னு சொன்னதக் கேட்டு ஒரு நிமிஷம் கைய இறக்கிட்டார். அவரே தீபத்த இன்னொரு தடவை முகத்துப் பக்கம் தூக்கிக் காட்டினார். அந்த நேரத்துல எனக்குப் பின்னாடி இருந்த கூட்டமும் தள்ளல, அது எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ரங்கா, உனக்கு எப்படி நன்றி சொல்றது. ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு, அந்த நர்ஸுக்கு, கையெழுத்துப் போடும்போது கை நடுங்கின எனக்குத் தைரியம் சொன்ன என் வீட்டுக்காரிக்கு, எல்லாருக்கும் உள்ள இருந்தவன் நீதான்.

தாயார் சன்னதி, சக்கரத்தாழ்வார், உடையவர் (ராமானுஜர்) எல்லாம் சேவிச்சு முடிக்கறதுக்குள்ள மதியம் தாண்டிடுச்சு. சாயங்காலம் மலைக்கோட்டைக்குப் போனோம், அம்மா கீழ மாணிக்க விநாயகர் கிட்டயே உக்காந்துட்டாங்க, நான் மட்டும் படி ஏறினேன். உச்சில நின்னு பாத்தா காவிரி, தீவு, அதுக்கு அந்தாண்ட கொள்ளிடம், ஒரு பக்கம் திருவானைக்காவல் கோபுரம், வீடுங்க எல்லாம் மரத்தோட மரமா கலந்து கிடக்கு, ராஜகோபுரம் மட்டும் நான் நிக்கற உயரத்துக்கு நேரா எதிர்ல நிக்குது. நான் போட்டோ எடுத்துக் கீழ கொண்டு வந்து காட்டினா அம்மா ஃபோன வாங்கிப் பெருசு பண்ணி மறுபடி நிலைய எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

ராத்திரி உறையூர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா சித்திக்கு ஃபோன். சித்திக்கும் புரை முத்திடுச்சு, ஆபரேஷன்னா பயந்துக்கிட்டு ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டுட்டே இருந்தாங்க. "அப்பா கொடுத்த கோபுரம்டி, பாலத்துல இருந்தே தெரியுது, உனக்குத் தெரிய வேணாமா, நாளைக்கே போய்க் காட்டு"ன்னு அம்மா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. சித்தி டேட் வாங்கிட்டாங்க. தை தேருக்கு ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போகணும்னு இப்பவே உத்தரவு வந்தாச்சு.