செக்கு மோட்டாருக்கு ஒரு தகடு, கூடவே ஒரு வேல்

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பார்த்து மாமாவின் செக்கு மோட்டார் புகைந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடவை உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை (காயில்) மாற்றிக் கட்டின மோட்டார், மூன்றாவது தடவை கட்ட அவருக்கு மனசில்லை. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறவர்களுக்கு இந்த மூன்று வாரம்தான் தீபாவளி, சிப்ஸ் போடுகிறவர்கள் டின் டின்னாக வாங்கிப் போவார்கள். அதனால் அன்றைக்கே போய்ப் புதிதாக மூணு எச்.பி. மோட்டார் ஒன்றை வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, புது மோட்டாரின் கால் ஓட்டைக்கும் தரையில் பதித்திருக்கிற பழைய ஃபிரேமின் ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

நடுவில் ஒரு தகடு போட்டால் முடிந்தது. மோட்டார் தகட்டின் மேல் உட்காரும், தகடு ஃபிரேமின் மேல் உட்காரும். பெல்ட்டை இழுத்துக் கட்ட வேண்டுமே, அதற்காகத் தகட்டில் நாலு நீள ஓட்டை, அதாவது ஸ்லாட். மோட்டாருக்கு நாலு மரை ஓட்டை. இவ்வளவுதான் சமாச்சாரம். நான் வரைகிறேன் என்றதும் மாமா ஒத்துக்கொண்டார். வாட்டர்ஜெட்டில் வெட்டலாம் என்றதும்தான் முகம் மாறியது.

"தண்ணியில இரும்ப வெட்டறதா? என்ன கண்ணு, வெளையாடறியா?"

மாமா சொன்னதில் பாதி சரிதான். வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் ரப்பர் அறுபடும், ஃபோம் அறுபடும், கேக் கூட அறுபடும், இரும்பு அறுபடாது. 1979இல் முகமது ஹாஷிஷ் என்ற பொறியாளர் அந்தப் பீச்சலோடு மணலைக் கலந்து பார்த்த பிறகுதான் இரும்பு, கண்ணாடி, கருங்கல் எல்லாம் இதற்கு வழிவிட்டன. வெட்டுவது மணல், தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி. இதை மாமாவுக்குச் சொன்னபோது "அப்பப் பாறைய ஆறு அறுக்கற மாதிரின்னு சொல்லு" என்றார். நான் அரை மணி நேரம் பேசியதைவிட அது தெளிவாக இருந்தது.

நம் ஊர் லேத் பட்டறையிலேயே கேஸ் கட்டிங்கில் வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெட்டியிருக்கலாம். 10 மி.மீ. மைல்ட் ஸ்டீலை லேசரும் வெட்டும், வேகமாகவும் மலிவாகவும் வெட்டும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கேஸிலும் லேசரிலும் சூட்டில் வெட்டுகிற ஓரம் இறுகிப்போகும், அந்த ஓட்டையில் மரை போடுகிற டேப் உடைந்துபோகலாம். பட்டறை அண்ணன் ஒரு தடவை கேஸில் வெட்டின ஓட்டைக்குள் டேப்பை உடைத்துவிட்டு அதை வெளியே எடுக்க ஒரு பொழுது முழுக்கப் போராடினதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாட்டர்ஜெட்டில் அந்தச் சூடு கிடையாது. அப்புறம், தகட்டுக்கு அடியில் அதிர்வு குறைய அதே வடிவத்தில் 6 மி.மீ. ரப்பர் ஷீட்டும் வேண்டும், லேசரில் ரப்பரை வைத்தால் புகையும் நாற்றமும்தான் மிஞ்சும். வாட்டர்ஜெட் இரண்டையும் வெட்டும். கஞ்சிக்கோட்டில் இந்த மெஷின் வைத்திருக்கிற தெரிந்த இடமும் ஒன்று இருந்தது. இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான், ஆனால் அந்த மெஷின் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைகிற கதைக்கு வருகிறேன், என் மானம் போனது அங்கேதான். மோட்டார் பக்கம் சிக்கலே இல்லை. மூணு எச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டார் என்றால் உடல் அளவுக்கு 100எல் என்று பெயர், கால் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் ஒரு பக்கம் 160, மறுபக்கம் 140 மி.மீ., எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும் இதே அளவுதான். தரையில் இருக்கிற பழைய ஃபிரேம்தான் படுத்திவிட்டது. நாற்பது வருஷத்து எண்ணெயும் பிண்ணாக்குத் தூளும் அப்பிக்கிடந்த அந்த இரும்பு ஃபிரேமைச் சுரண்டி, அளவு டேப்பை வைத்து ஓட்டையின் ஓரத்திலிருந்து ஓரம் அளந்து, 210க்கு 170 என்று எழுதிக்கொண்டு வந்து லிப்ரேகேட் என்கிற வரைபட சாஃப்ட்வேரில் வரைந்தேன். ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஓட்டை வெட்டி, ஃபிரேமின் மேல் வைத்தால் ஒரு ஓட்டையும் உட்காரவில்லை. சரி, அளவு தப்பு என்று திருத்தினேன். மறுபடி பிரிண்ட், மறுபடி அட்டை. இன்னும் உட்காரவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்குத்தான் உறைத்தது, பிரிண்டர் 'தாளுக்குள் பொருத்து' என்கிற பெட்டியில் டிக் போட்டுக்கொண்டு படம் முழுவதையும் கொஞ்சம் சுருக்கி அடித்திருக்கிறது. முதலில் அளந்ததுதான் சரி! அதிலிருந்து எதை வரைந்தாலும் மூலையில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுகிறேன், பிரிண்ட் வந்ததும் முதல் வேலையாக ஸ்கேலை வைத்து அதை அளந்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுவது.

சரியான அளவில் அடித்த அட்டையை ஆடிக் காற்று வேறு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் நாலு போல்ட்டைத் திணித்து அட்டையை நிறுத்தினபோது மூன்று ஓட்டை கச்சிதம், நாலாவது 3 மி.மீ. தள்ளி இருந்தது. எந்தக் காலத்திலோ எவரோ அந்த ஓட்டையை அரம் போட்டு இழுத்திருக்கிறார்கள். அளவு டேப்பில் இது தெரிந்திருக்கவே தெரியாது. ஸ்லாட்டின் அகலத்தை 13.5 என்று வைத்திருந்தேன், அந்த ஒன்றை மட்டும் 16 ஆக்கினேன், பெரிய வாஷர் போட்டால் போதும்.

ஆக, தகடு 320க்கு 260, கனம் 10. ஸ்லாட் ஒவ்வொன்றும் 60 நீளம். மோட்டார் ஓட்டைக்கு எம்10 மரை (10 மி.மீ. போல்ட்டுக்கானது), அதற்கு டிரில் 8.5. படத்தில் அதை 8 என்றுதான் போட்டேன். வாட்டர்ஜெட் ஓட்டை மேலும் கீழும் ஒரே அளவாக இருக்காது, லேசாகப் புனல் மாதிரி சாயும், அதனால் சின்னதாக வெட்டிக்கொண்டு பிறகு 8.5 டிரில்லை விட்டு நேராக்கி டேப் போடுவது நல்லது. ஸ்லாட்டில் அந்தச் சாய்வு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், போல்ட்டுக்குத் தெரியப்போவதில்லை.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது மாமா, "அதுல 'முருகன் துணை'ன்னு வெட்டிப்போடு கண்ணு" என்றார். ஆசை நியாயம்தான். ஆனால் எழுத்தை ஊடுருவ வெட்டினால் சுழிக்குள் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அப்படியே கீழே விழுந்துவிடும். 'மு'வில் ஒன்று, 'ண'வில் ரெண்டு மூணு என்று எண்ணிப்பாருங்கள், நம் எழுத்தில் சுழிக்கா பஞ்சம். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விட வேண்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாக ஒரு ஓட்டை குத்தி ஆரம்பிக்க வேண்டும். வேண்டாம் மாமா, ஒரு வேல் போட்டுத் தருகிறேன் என்று சமாதானம் செய்தேன். ஒரே கோடு, சுற்றி வந்தால் முடிந்தது. மோட்டார் மறைக்காத ஓரமாக 80 மி.மீ. உயரத்தில் ஒன்று போட்டேன்.

கஞ்சிக்கோட்டுக் கடையில் பெரும்பாலும் கிரானைட்டும் மார்பிளும்தான் வெட்டுகிறார்கள், வீட்டு முன்வாசலில் பூவும் வளையமும் பதிக்கிறார்களே, அது. மெஷின் ஓட்டுகிற தம்பி வாளையார்க்காரர். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். நான் கோடு என்றால் அவர் வர என்பார், அப்புறம் ரெண்டு பேரும் லைன் என்று ராசியாகிவிடுவோம். என் ஃபைலைத் திறந்த ஒரு நிமிடத்தில் சிரித்தார்.

"சேட்டா, வெளி லைன் ரெண்டு தடவ கெடக்கு. இத அப்படியே விட்டா மெஷின் ஒரே எடத்தில ரெண்டு ரவுண்டு போகும்."

திருத்தும்போது நகல் ஒன்று அடியில் தங்கியிருக்கிறது, திரையில் ஒன்றாகத்தான் தெரியும். போதாததற்கு ஒரு ஸ்லாட்டில் வளைவும் நேர்க்கோடும் சேருகிற இடத்தில் தலைமுடி அளவு இடைவெளி. கண்ணுக்கு மூடின வடிவம், மெஷினுக்குத் திறந்த வடிவம். எந்தப் பக்கம் வேண்டிய இரும்பு, எந்தப் பக்கம் கழிவு என்று அதற்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் பீச்சலுக்கே ஒரு மி.மீ. அகலம் உண்டு. கோட்டின் மேலேயே ஓடினால் தகடு சுற்றிலும் அரை மி.மீ. குறையும், ஓட்டை அரை மி.மீ. விரியும். அதனால் தகட்டுக்கு வெளியே அரை மி.மீ., ஓட்டைக்கு உள்ளே அரை மி.மீ. தள்ளி ஓட்டுவார்கள். அவர் இரண்டையும் சரிசெய்தார். வேல் படத்தைப் பார்த்துவிட்டு, நுனி இவ்வளவு கூர்மையாக வராது, கொஞ்சம் உருண்டுதான் வரும் என்றார். ஒரு மி.மீ. உருண்டை தூரிகையை வைத்துக்கொண்டு ஊசி முனைக்குள் நுழைய முடியுமா? மாமாவைப் பார்த்தேன். "முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார்.

பம்ப் 60,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் 30 சொச்சம் அடிக்கிறோம் இல்லையா, அதைப் போல இரண்டாயிரம் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர், ரத்தினக்கல்லில் போட்ட ஒரு ஓட்டை வழியாக வருகிறது, ஓட்டையின் குறுக்களவு 0.35 மி.மீ. ஒலியைவிட வேகமாக ஓடுகிற அந்தத் தண்ணீரே பக்கத்துக் குழாயிலிருந்து மணலை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும், இரண்டும் ஒரு கார்பைடு குழலுக்குள் கலந்து கீழே இறங்கும். மணல் என்றால் ஆற்று மணல் இல்லை, கார்னெட். சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார், சன்ன ரவை மாதிரி, கருஞ்சிவப்பு. கன்னியாகுமரியில் கலர் மணல் பாக்கெட் விற்பார்களே, அதில் சிவப்பாக இருப்பது இதுதான். ராசிக்கல் கடையில் விற்கிற கோமேதகமும் இதன் சொந்தக்காரன்தான் என்றேன். மாமா அதற்குப் பிறகு கீழே சிந்திக் கிடந்ததை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார்.

தகட்டைத் தொட்டியின் இரும்புப் பட்டைகள் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். உள் ஓட்டைகள் முதலில், வெளிக் கோடு கடைசியில். வெளியே முதலில் அறுத்துவிட்டால் தகடு அசையும், அப்புறம் உள்ளே போடுகிற எதுவும் இடத்தில் விழாது. ஒவ்வொரு ஓட்டையும் கழிவுப் பக்கத்தில் குத்தி ஆரம்பித்து, அங்கிருந்து கோட்டுக்கு வந்து சேரும். குத்துகிற நேரத்தில் தொட்டியே கத்துகிறது. அப்புறம் ஒரு சீரான இரைச்சல், அடுப்பில் பெரிய வாணலி காய்ந்துகொண்டே இருப்பது போல. வளைவுக்கு வரும்போது பீச்சுகிற தலை தானாக மெதுவாகப் போகிறது. 10 மி.மீ. ஆழத்தில் பீச்சலின் வால் தலைக்குப் பின்னால் இழுபடும், வேகமாகத் திரும்பினால் அடியில் மூலை வேறு இடத்தில் இருக்கும். எந்தத் தரத்தில் வெட்ட என்று கேட்டார், நடுத்தரம் போதும் என்றேன். மோட்டார் அடித் தகட்டுக்குக் கண்ணாடி மாதிரி ஓரம் கேட்பது காசைத் தொட்டியில் போடுவது.

மொத்தம் இரண்டு மீட்டர் வெட்டு, இருபத்தைந்து நிமிடம் ஓடியது. நிமிடத்துக்கு 350 கிராம் கார்னெட் என்றார், கணக்குப் போட்டால் எட்டு கிலோவுக்கு மேல். தகடே ஆறரை கிலோதான்! தன் எடையைவிட அதிக மணலைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வந்தது. ரப்பருக்கு மணலை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் ஓட்டினார், டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஸ்லாட்டின் கழிவுத் துண்டுகள் தொட்டிக்குள் விழுந்து போயின. வேல் வடிவத்தை மட்டும் ஒரு மி.மீ. ஒட்டு விட்டு வெட்டச் சொன்னேன், மாமாவுக்கு அந்தத் துண்டு வேண்டுமாம். சின்ன துண்டு சாய்ந்து நின்றால் நாசில் வந்து இடிக்கும் என்பதால் தம்பிக்கும் அதுதான் வசதி. சுத்தியலால் ஒரு தட்டு, வேல் கையில். வெட்டின ஓரத்தில் விரலை ஓட்டினால் மேலே மழுமழுவென்று, கீழே போகப்போக வளைந்த வரி வரியாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஈரத் தகட்டில் மஞ்சள் துரு பூத்துவிட்டது. மாமா திட்டிக்கொண்டே தன் எண்ணெயிலேயே துணியை நனைத்துத் துடைத்தார். லேத் பட்டறையில் எட்டரை டிரில்லும் எம்10 டேப்பும் வெண்ணெயில் போவது போலப் போயின. நாலு போல்ட்டும் உட்கார்ந்தன, அரம் போட்ட அந்த நாலாவது உட்பட. செக்கு அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரை ஓடியது.

மெஷின் முதலில் குத்தின ஓட்டை அந்த வேலின் அடிப்பக்கத்தில், அதிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு கீறலோடு இருக்கிறது. மாமா அந்த ஓட்டையில் கறுப்பு நூல் கோத்து, கீறல் வழியாக நூல் நழுவிவிடக் கூடாதென்று ஒரு சொட்டு எம்சீல் வைத்து அடைத்து, ஸ்விட்ச் போர்டுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார். வேல் தலைகீழாகத் தொங்குகிறது. அதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.