5 வருடம் சாப்பிட்ட கோழி

அரிப்போடு இருந்த தன் நாய் மணியைக் கொண்டு வந்த அந்த அம்மா கேட்டதும் நான் பதில் சொன்னதும் சேர்ந்தே அரை நிமிடம் இருக்காது. ‘42 வயசு வரைக்கும் இறால் சாப்பிட்டவ நான். திடீர்னு ஒரு நாள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு டாக்டர். மணிக்கும் அந்த மாதிரி கோழி ஒத்துக்காம போயிருக்குமோ?’ என்று கேட்டார். ‘அஞ்சு வருஷமா சாப்பிடுறதும்மா, இனிமே என்ன ஒத்துக்காம போகப்போகுது?’ என்று சொல்லிவிட்டு, மணியின் காதை மடித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஏனென்றால் நான் படித்த பாடம் அதற்கு நேர்மாறானது. உடல் பெரும்பாலும் உண்டு பழகிய புரதத்தைத்தான் ஏதோ ஒரு கட்டத்தில் பகையாக எடுத்துக்கொள்கிறது. நாய்களில் உணவு ஒவ்வாமைக்கு அதிகம் காரணமாகும் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை எல்லாமே தினசரித் தட்டில் இருப்பவை. முன்பு தாங்கியதை உடல் பிறகு தாங்காமல் போவதை ரிஷே, போர்த்தியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1902-இல் எழுதியதும் நாய்களை வைத்துத்தான்: கடற்சாமந்தி என்ற கடல் உயிரியின் நஞ்சுக்கு முதல்முறை பிழைத்துக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதை மறுபடி ஏற்றியதும் நிமிடங்களில் இறந்தது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அரிப்போடு வரும் நாய்களில் உணவால் அரிப்பு கண்டவை குறைவு. தெள்ளு, உண்ணி, பூஞ்சை, சுற்றுப்புற ஒவ்வாமை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதுதான் முறை, அந்த வரிசையில் நான் பிசகவில்லை. ஆனால் ‘அதையும் அப்புறம் பார்க்கலாம்மா’ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாததால், அவர் மறுபடி கோழியைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் கொடுப்பதும் நிறுத்துவதுமாக 8 மாதம் போயிற்று. நிறுத்திய பத்தாம் நாள் மணி கால்விரல் இடுக்குகளை நக்கத் தொடங்கிவிடுவான். எச்சில் பட்டுப் பட்டு அங்கிருந்த வெள்ளை ரோமம் செம்பட்டையாகிவிட்டது, காதில் கரும்பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் போகவே இல்லை. மழை, வெயில் என்ற வேறுபாடு இல்லாமல் அரித்தது உணவைச் சந்தேகிக்கச் சொல்லும் குறி, அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

கடைசியில், அவன் அதுவரை தின்றிராத சங்கரா மீனும் உருளைக்கிழங்கும் மட்டும் 8 வாரம், இடையில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு நாள்கூட மீறவில்லை. ஆறாவது வாரத்தில் நக்குவது நின்றது. ஆனால் உணவை மாற்றிய அதே வாரம் உண்ணிக்கான மாத்திரையும் கொடுத்திருந்தேன். குணமாக்கியது எது என்று அறிய, கோழியைத் திரும்பக் கொடுத்து இரண்டு வாரம் பார்க்க வேண்டும். உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை நாய்களுக்கு இல்லை. ‘நல்லா இருக்கிறவனை மறுபடி சொறிய விடணுமா டாக்டர்?’ என்று மறுத்துவிட்டார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கோழிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. சில நாள் அது ஆறுதலாக இருக்கிறது. சில நாள் அந்த ஆறுதலே உறுத்துகிறது, கோழி காரணமில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அன்று நான் சொன்ன நியாயம் தவறுதானே.

தடுப்பூசிக்கு வந்தபோது, ‘அப்போ கோழிதானா டாக்டர்?’ என்று கேட்டார். ‘இருக்கலாம்மா’ என்றேன். அன்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி மேசையிலிருந்து குதித்துவிட்டான், அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போய்விட்டார்.