லெச்சர் கவுண்டி நாட்குறிப்பு: கத்துகிற பத்திரிகையும் அந்த ஊர்க்காரர்களும்

மார்ச் 9

இன்று இங்கே, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெச்சர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), ஸ்கோஷியா நிலக்கரிச் சுரங்கத்தின் நினைவு நாள். 1976-இல் இதே தேதியில், ஓவன்ஃபோர்க்கில் மீத்தேன் வெடித்து 15 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். 11-ஆம் தேதி உள்ளே இறங்கியவர்கள்மேல் மறுபடியும் வெடித்தது. இன்னும் 11 பேர். அவர்களில் மூவர் மத்திய அரசின் சுரங்க ஆய்வாளர்கள். அடுத்த வருடமே நாடு முழுவதற்கும் புதிய சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆய்வாளர்களும் சாகாமல் இருந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

என் வீட்டுக்காரருடைய ஆஸ்பத்திரி வேலைக்காகத்தான் இந்தக் கவுண்டியில் உள்ள வைட்ஸ்பர்க்குக்கு வந்தோம். வரும்போது கென்டக்கி என்றால் எனக்குத் தெரிந்தது வறுத்த கோழி மட்டும். இப்போது பகலெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து இந்த ஊர்ப் பெரிய மனிதர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13

இந்த வாரத்து ‘மவுன்டன் ஈகிள்’ வந்தது. 1907-இலிருந்து வரும் வாரப் பத்திரிகை. நான் முதலில் புரட்டுவது, பெயர் சொல்லாமல் ஃபோனில் யாரும் எதையும் சொல்லலாம் என்று விட்டிருக்கும் பத்தியைத்தான். யார் வாங்கிய கடனைத் திருப்பவில்லை, யார் புருஷன் யார் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தினான் என்பது வரை வரும். நம் ஊர்த் திண்ணைப் பேச்சு அச்சில் ஏறின மாதிரி.

1956-இல் டாம் கிஷ், பாட் கிஷ் என்ற தம்பதி இதை வாங்கினார்கள். டாம் இந்தக் கவுண்டியிலேயே சீக்கோ என்ற நிலக்கரிக் குடியிருப்பில் பிறந்தவர். இருவருமே வெளியூரில் நிருபர் வேலை பார்த்தவர்கள். நட்பான, கட்சி சாராத வாரப் பத்திரிகை என்று முகப்பில் இருந்த சாதுவான வரியை எடுத்துவிட்டு “கத்துகிறது!” என்று போட்டார்கள். கத்தவும் செய்தார்கள். பள்ளி வாரியத்திலும் கவுண்டி நிர்வாகத்திலும் பேசியதைப் பேசியபடியே அச்சிட்டார்கள். உடனே, கூட்டத்துக்குள் நிருபர்கள் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். விளம்பரங்கள் நின்றன.

1974 ஆகஸ்டில் அலுவலகம் எரிந்தது. ராத்திரியில் இளைஞர்களைப் போலீஸ் நடத்திய விதத்தைப் பற்றிப் பத்திரிகை எழுதிக்கொண்டிருந்த சமயம். ஆள் வைத்துத் தீ மூட்டச் சொன்னது ஊர்ப் போலீஸ்காரர் ஒருவரே என்று பின்னால் கோர்ட்டில் தீர்ப்பானது. அடுத்த இதழை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். முகப்பில் “இன்னும் கத்துகிறது!”

தலைநகரில் இருந்துகொண்டு முதல்வரைத் திட்டி எழுதலாம், அவர் நம் தெருவில் குடியிருக்கப் போவதில்லை. இங்கே இரண்டாயிரம் பேர்கூட நெருக்கித்தான் தேறும். காலையில் யாரைப் பற்றி எழுதினீர்களோ, சாயங்காலம் அவர் பின்னால்தான் மளிகைக் கடை வரிசையில் நிற்க வேண்டும். டாம் 2008-இலும் பாட் 2014-இலும் காலமானார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. தீ வைத்ததைவிட இதுதான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மார்ச் 14

அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை ஓட்டிய ஃபிரான்சிஸ் கேரி பவர்ஸ் பிறந்தது இங்கே ஜென்கின்ஸில், 1929-இல். அப்பா சுரங்கத் தொழிலாளி. மகன் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். இந்த விஷயத்தில் எல்லா ஊர் அப்பாக்களும் ஒரே ஜாதிதான். மகன் 1960 மே 1 அன்று சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு, 1962-இல் கைதிப் பரிமாற்றத்தில் திரும்பினார். உலகத்துக்குத் தெரிந்த லெச்சர்க்காரர் இவர்தான். எனக்கென்னவோ மனம் ஒட்டவில்லை.

மார்ச் 19

1967 செப்டம்பரில் ஹியூ ஓ’கானர் என்ற கனடாக்காரர் இங்கே ஜெரமையாவில் படமெடுக்க வந்தார். வாடகை வீட்டில் இருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரை, அவர் சம்மதத்தோடுதான் எடுத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் துப்பாக்கியோடு வந்தார். ‘போய்விடுகிறோம்’ என்று சாமான்களைத் தூக்கிக்கொண்டு நகரும்போதே சுட்டுவிட்டார். ஓ’கானர் செத்தார்.

அந்தக் காலத்தில் வறுமையைப் படம்பிடிக்க டிவிக்காரர்கள் சாரிசாரியாக இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஊர் சுட்டவர் பக்கம் நின்றது. வழக்கைப் பக்கத்து ஹார்லன் கவுண்டிக்கு மாற்றியும் முதல் விசாரணையில் ஜூரி ஒருமித்து முடிவுக்கு வரவில்லை. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து வருடத் தண்டனை வாங்கியவர், ஒரு வருடத்தில் வெளியே வந்தார். கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால் நம் வீட்டு ஓட்டையை மட்டும் தேடித்தேடிப் படமெடுத்தால் எப்படி எரியும் என்று புரியாமலும் இல்லை.

மார்ச் 27

நிலக்கரிக் கம்பெனி ஏஜென்டுகள் 1900-ஐ ஒட்டிய வருடங்களில் மலைமலையாக ஏறி, மண்ணுக்கு அடியில் இருக்கும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்கினார்கள். ஏக்கர் ஐம்பது சென்ட்டுக்குக்கூட. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். மேல்மண் உங்களுக்கு, கீழே உள்ளதை எடுக்க என்ன தேவையோ அதைச் செய்துகொள்ளக் கம்பெனிக்கு உரிமை. புல்டோசர் என்ற ஒன்று வரும் என்று யார் கண்டார்கள்? பேரப்பிள்ளைகள் காலத்தில் அது வந்து தோட்டத்தையும் வீட்டுப் பின்கட்டையும் வழித்தது. பத்திரத்தில் இருக்கிறதே என்றது கோர்ட்.

1965 நவம்பரில், பக்கத்து நாட் கவுண்டியில், ஆலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை புல்டோசர் முன்னால் போய் உட்கார்ந்தார். போலீஸ் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போகிற படம் நாடெல்லாம் பார்த்தது. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து அவருக்குச் சிறையில். அந்தப் பத்திரங்களின் பல்லைப் பிடுங்கும் அரசியல் சாசனத் திருத்தம் 1988-இல்தான் நிறைவேறியது. கென்டக்கி வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆதரவு.

மார்ச் 30

இந்த அநியாயத்தை வெளியுலகத்துக்குச் சொன்னவர் வைட்ஸ்பர்க் வக்கீல் ஹாரி காடில். மாநிலச் சட்டமன்றத்திலும் இருந்தவர். 1963-இல் வந்த அவருடைய கம்பர்லாண்ட் மலை வரலாறு வாஷிங்டன்வரை உலுக்கியது. அதிபர் ஜான்சனின் வறுமை ஒழிப்புப் போருக்கு அதுவும் ஒரு பொறி. நான் உட்கார்ந்து படிக்கும் நூலகத்துக்கு அவர் பெயர்தான்.

பிற்பாடு மனிதர் கசந்துவிட்டார். 1970-களில், பரம்பரை அறிவுக் குறைவு பற்றிப் பேசிவந்த இயற்பியலாளர் ஷாக்லியோடு கடிதப் போக்குவரத்து. மலைமக்களின் வறுமைக்கு அவர்கள் ரத்தமே காரணம் என்கிற பேச்சு. இதே மக்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர்! 1990-இல், பார்க்கின்சன் நோயோடு, தன்னையே சுட்டுக்கொண்டார்.

நூலகத்திலிருந்து காடில் பெயரை எடுத்துவிட வேண்டாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ‘டாக்டர்கள் எல்லாரும் நல்லவர்களா, மருந்தைத் தூக்கிப் போடுகிறோமா’ என்றார். அது பதில் இல்லை. மருந்துச் சீட்டில் டாக்டருக்குச் சிலை வைப்பதில்லையே. ஆனாலும் புத்தகத்தின் முதல் பாதியைக் காடில்போல் கோபத்தோடு எழுத இங்கே வேறு ஆள் இல்லை என்பதையும் மறுக்க முடியவில்லை. அவர் மனைவி ஆன் கூடவே உட்கார்ந்து தட்டச்சு செய்து செம்மைப்படுத்திய புத்தகம் அது. அட்டையில் பெயர் ஒன்றுதான். ஆன் பற்றி என்ன கிடைக்கிறது என்று செவ்வாய்க்கிழமை நூலகத்தில் கேட்க வேண்டும்.