வியாழக்கிழமைக்கு 36½ மணி நேரம்

நேற்று இரவு எட்டரை மணி வரையில், எங்கள் அலாஸ்கா கப்பல் பயணத் திட்டத்தில் ஓர் ஊசி நுழையும் ஓட்டைகூடக் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு மாத உழைப்பு அது. இதற்கென்றே வாங்கிய நூறு பக்க நோட்டில் விமானங்களை நீலத்திலும், தங்குமிடங்களைப் பச்சையிலும், மச்சினரின் யோசனைகளைச் சிவப்பிலும் எழுதி வைத்திருந்தேன். இத்தனை காவலையும் மீறி ஓட்டையைக் கண்டுபிடித்தது வேறு யாரும் அல்ல, என் மனைவியின் வியாழக்கிழமை விரதம்.

பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு நான் எழும்பூர் போய்ச் சேரும் நேரம் உங்களுக்குத் தெரியும். பெட்டிகள் வந்திருக்காது, எந்த நடைமேடை என்பதே முடிவாகியிருக்காது, தேநீர்க்கடைக்காரர் அப்போதுதான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். மச்சினரோ எழும்பூரில் ரயில் கிளம்பிய செய்தியைக் கேட்ட பிறகு குளிக்கப் போய், தாம்பரத்தில் நிதானமாக ஏறி, எதிர் இருக்கையில் அமர்ந்து, 'என்ன மாப்பிள்ளை, ரொம்ப நேரம் காத்திருந்தீர்களா?' என்று கேட்கிற வகை. இந்த இரண்டு வகையினரும் சேர்ந்து ஒரு கப்பலைப் பிடிக்க வேண்டும், அதுவும் வான்கூவரில் என்று முடிவானபோதே என் இரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடியிருக்க வேண்டும்.

கப்பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கனடா பிளேஸ் துறையிலிருந்து புறப்படுகிறது. ஏழு இரவுகள், ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் என்று சுற்றிவிட்டு அடுத்த ஞாயிறு காலை அதே துறைக்குத் திரும்புகிறது. கனடாவுக்கு ஒன்று, அலாஸ்கா அமெரிக்காவில் இருப்பதால் அந்நாட்டுக்கு ஒன்று என்று இரண்டு வீசாக்கள் வாங்கிய கதையை முன்பே அழுது தீர்த்துவிட்டேன். இப்போது பிரச்சினை, கப்பலுக்கு எத்தனை நாள் முன்னதாக ஊர் போய்ச் சேர்வது என்பதுதான். ஞாயிறு காலை இறங்கி, அப்படியே ரயில் ஏறினால், விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது என்பது மச்சினரின் வாதம். விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கண்ணிமைக்காமல், "அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம், மாப்பிள்ளை" என்றார்.

அதாவது ஜூனோவைத் தாம்பரம் என்று நினைத்திருக்கிறார். ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம்தான் என்றாலும் வெளியூரிலிருந்து அங்கே போவதற்குச் சாலையே கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லையென்றால் கடல் வழியாகப் போகலாம். கடல் வழியாகப் போவதற்குத்தான் நாம் அந்தக் கப்பலையே பிடிக்கிறோம் என்பதை அவருக்கு விளக்குவதற்கு எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. பயணிகள் பட்டியலைக் கப்பல்காரர்கள் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுவார்கள் என்பதையும், வான்கூவர் துறையிலேயே அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை முடித்துவிட்டுத்தான் கப்பலில் ஏற முடியும் என்பதையும், 'ஆட்டோவை நிறுத்தி ஓடிவந்து ஏறுவது' என்ற கலைக்கு அங்கே இடமில்லை என்பதையும் சிவப்பு மையிலேயே எழுதிக் காட்டினேன்.

கப்பல் ஏன் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காது என்பதற்கு நான் கண்டெடுத்த காரணம் மட்டும் வீட்டில் பெருமதிப்பைப் பெற்றது. வான்கூவர் தீவுக்கும் குவாட்ரா தீவுக்கும் நடுவே சீமோர் நேரோஸ் என்று ஒரு குறுகிய கடல்வழி இருக்கிறது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அங்கே நீரோட்டம் 15 நாட் வேகம்வரை போகும். நம் கணக்கில் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அதன் நடுவே கப்பல்களை வரிசையாகக் காவு வாங்கிக்கொண்டிருந்த ரிப்பிள் ராக் என்ற பாறையை 1958ஆம் ஆண்டு ஏப்ரலில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாறை போய்விட்டாலும் நீரோட்டம் போகவில்லை. ஆகவே இன்றும் பெரிய கப்பல்கள் ஓட்டம் அடங்குகிற சிறிது நேரத்தைக் கணக்கிட்டுத்தான் அதைக் கடக்கின்றன. நிலவைப் பொறுத்து அந்த நேரம் நாள்தோறும் மாறும் என்று திருவாரூர் அத்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது, மறுமுனையில் வெற்றிப் பெருமூச்சு கேட்டது. "பார்த்தாயா, கப்பல்காரனும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் போகிறான்."

அத்தையை இதில் இழுத்தது என் தவறு. 84 வயதிலும் தினசரிக் காலண்டரின் பின்பக்கம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஞாயிறு மாலை நாலரைக்குக் கப்பல் என்றதும், "நாலரையிலிருந்து ஆறு ராகு காலம், அது தெரியாமலா கப்பல் வாங்கினான்?" என்றார். நான் பதில் தேடித் திணறிக்கொண்டிருக்க, மச்சினர் தொலைபேசியை வாங்கி, "அத்தை, அங்கே ஞாயிறு மாலை நாலரை என்றால் இங்கே நமக்குத் திங்கள் விடியற்காலை ஐந்து. பிரம்ம முகூர்த்தம்" என்றார். பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தை இவ்வளவு புண்ணியமாக யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். அத்தை அன்று முதல் மச்சினர் கட்சி.

அடுத்ததாகச் சூலம் வந்தது. சென்னையிலிருந்து வான்கூவருக்கு நேர்க்கோடு இழுத்தால் அது ஏறக்குறைய வட துருவத்தைப் பார்க்கிறது. லண்டன் அல்லது பிராங்க்பர்ட் வழியாகப் போனால் மேற்கு, ஹாங்காங் வழியாகப் போனால் கிழக்கு. ஆக, எந்தக் கிழமையில் கிளம்பினாலும் ஏதாவது ஒரு சூலம் குறுக்கே நிற்கும் என்று நான் பூமி உருண்டையை வைத்து வாதாடினேன். "பூமி உருண்டை என்று எனக்கும் தெரியும். வாசலில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறாய், அதைச் சொல்" என்றார் அத்தை. நங்கநல்லூரிலிருந்து மீனம்பாக்கம் மேற்கு. அதன் பிறகு ஹாங்காங் கிழக்கு. நான் தேர்ந்தெடுத்த விமானம் வியாழன் அதிகாலை ஒன்றரைக்கு. விடியாததால் அது இன்னும் புதன்தான், புதனுக்கு வடக்கே சூலம். வியாழன் என்றே வைத்துக்கொண்டாலும் தெற்கே சூலம். எப்படிப் பார்த்தாலும் எனக்குப் பழுதில்லை. மூன்று நாள் முன்னதாகப் போவதெல்லாம் தம்மால் முடியாது என்று மச்சினர் எடுத்ததோ சனி அதிகாலை விமானம். விடியாத சனி வெள்ளி என்பதால் மேற்கே சூலம், அதற்கு வெல்லம். காலண்டர்படி சனி என்றால் கிழக்கே சூலம், அதற்குத் தயிர். இரண்டும் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அத்தை உத்தரவிட்டார். "கலந்து சாப்பிட்டால் இனிப்புத் தயிர், வங்காளத்தில் இதற்குக் காசு கொடுக்கிறார்கள்" என்று மச்சினர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். அவரை எதுவுமே தண்டிப்பதில்லை.

என் விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் ஏழு மணி நேரம் காத்திருந்துவிட்டு, வியாழன் மாலை நாலரைக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணி நேரம் பறந்து, பசிபிக் கடலின் நடுவே பன்னாட்டுத் தேதிக் கோட்டைத் தாண்டி வான்கூவரில் இறங்குகிறது. அங்கே அப்போது மணி அதே வியாழன் பிற்பகல் ஒன்றரை. கிளம்பியதற்கு மூன்று மணி நேரம் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது! நாற்பது ஆண்டுகளாக எழும்பூர் நிலையத்தில் நான் முயன்று தோற்றது இதைத்தான். அந்தப் பயணச்சீட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அச்சுப்பிழையாக இருக்கும் என்றார்.

நேற்று இரவு எட்டரை மணிக்கு மனைவி கணக்குப் போட ஆரம்பித்தாள். வியாழன் விரதத்தை அவள் பதினாறு ஆண்டுகளாக விட்டதில்லை. அன்று நள்ளிரவில் சென்னையில் தொடங்குகிற வியாழன், வான்கூவரில் நள்ளிரவு வந்தால்தான் முடிகிறது. 24 மணியோடு பன்னிரண்டரையைக் கூட்டினால் 36½ மணி நேரம். "முப்பத்தாறரை மணி நேரம் பாலும் பழமும் என்றால் கப்பலில் என்னைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்" என்றாள். நான் அறிவியல்பூர்வமாக ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று நிறுத்தி, "நாம் இறங்கும்போது அங்கே வியாழன்தானே?" என்றாள். ஆமாம் என்றேன், பெருமையாக. "ஹோட்டல் என்றைக்கிலிருந்து?"

பச்சை மையில், என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு, 'வெள்ளி பிற்பகல் 3 மணி' என்று இருந்தது.

நடந்தது இதுதான்: ஹோட்டலை முதலில் பதிவு செய்தேன், அப்போது 'வியாழன் மாலை கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரம் பறந்தால் மறுநாள் வெள்ளி' என்று எந்த மனிதனும் போடுகிற கணக்கைப் போட்டேன். பிறகு பயணச்சீட்டு வந்தது, வியந்தேன், பூரித்தேன், மாடி வீட்டுக்காரருக்குக் காட்டினேன், நோட்டைத் திருத்தவில்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் வான்கூவரில் வியாழன் பிற்பகல் ஒன்றரை முதல் வெள்ளி மூன்று மணி வரை, இருபத்தைந்தரை மணி நேரத்துக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது. மூன்று நாள் முன்னதாகவே போக வேண்டும் என்று ஊரைக் கூட்டியவன் நான்.

அதே ஹோட்டலில் அந்த இரவுக்கு அறை இல்லை. ஜூன் மாதம், கப்பல் பருவம். பக்கத்தில் இருக்கிற மற்றவற்றில் ஓர் இரவுக்கு 400 கனடிய டாலருக்கு மேல் கேட்கிறார்கள். ரூபாயில் 25,000ஐத் தாண்டுகிறது. மாடி வீட்டுக்காரர் எங்களுக்குத் தருகிற மாத வாடகையே அதைவிடக் குறைவு. விமானத்தை ஒரு நாள் தள்ளலாம் என்றால், தேதி மாற்றத்துக்கு அவர்கள் சொல்கிற தொகையில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். மச்சினரிடம் சொல்லக்கூடாது என்று நான் நினைத்ததற்குள் மனைவி சொல்லி முடித்துவிட்டாள். சனிக்கிழமை இறங்கி, சனிக்கிழமை அறைக்குப் போய், ஞாயிறு கப்பல் ஏறும்படி, நோட்டும் பேனாவும் இல்லாமல் எல்லாவற்றையும் சரியாகப் பதிவு செய்து வைத்திருக்கிற அந்த மனிதர், "விமான நிலையத்தில் நாற்காலிகள் நன்றாக இருக்குமாம், மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் நிலையத்தில் காத்திருந்து பழக்கம் இருக்கிறதே" என்றார்.

இன்று காலை அத்தை கூப்பிட்டார். செய்தி அங்கும் போயிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்து, மனைவியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். அத்தையோ சிரித்தார். "உன் அப்பாவும் இப்படித்தான். ரஜூலாவுக்கு மூன்று நாள் முன்னாலேயே நாகப்பட்டினம் போய் உட்கார்ந்துவிட்டான்."

1966இல் அப்பா பினாங்குக்கு வேலைக்குப் போனது தெரியும்; ரஜூலா கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். வழியனுப்ப அம்மாவும் நாகப்பட்டினம்வரை போயிருந்தாள் என்பதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்களாம். சத்திரத்தில் மூன்று நாள்தான் தங்கலாம் என்பது விதி. மூன்று நாளும் காலையும் மாலையும் நீலாயதாட்சி கோயில். நான்காம் நாள் வர வேண்டிய கப்பல் வரவில்லை, மறுநாள்தான் வரும் என்றார்கள். சத்திரத்து மணியக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தகரப் பெட்டியையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு இருவரும் ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடை பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் அப்பாதான் வாயைத் திறக்க மாட்டானே. அன்றைக்கு ராத்திரி முழுவதும் பேசினானாம். அண்ணி அதைப் பத்துத் தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். என்ன பேசினான் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை" என்றார் அத்தை. பிறகு, மறக்காமல் மச்சினருக்குத் தயிரையும் வெல்லத்தையும் நினைவுபடுத்தச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மனைவி கைபேசியில் நேற்றிலிருந்து திறந்தே வைத்திருந்த ஹோட்டல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினாள். "அங்கே ஜூன் மாதம் எத்தனை மணிக்கு இருட்டும்?" என்று கேட்டாள். சூரியன் மறையவே ஒன்பதே கால் தாண்டிவிடும் என்றேன். விளக்கேற்றுகிற நேரம் தெரிந்து விரதத்தை முடிப்பதற்காகக் கேட்டாளா, வேறு எதற்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அறை இன்னும் பதிவாகவில்லை.