கடல் காற்றில் சைக்கிள் கீறல்

வடசென்னைக் கடலோரத்தில், காசிமேட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், கேஸ் அடுப்பின் கால் என எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. அதனால் "ஃபிரேம்ல கீறல் விழுந்தா அழகுக்குத்தான் குறை, ஓட்டுறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்கள் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எவ்வளவு ஆழம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம், பழைய பனியன் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டை மெருகேற்றும் பசை) தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும், மங்காவிட்டாலும் கெடுதல் இல்லை. நகம் சிக்கி, அடியில் சாம்பலோ செங்காவியோ தெரிந்தால் பிரைமர் வரை, அதாவது பெயிண்டுக்கு அடியில் இருக்கும் முதல் பூச்சு வரை போயிருக்கிறது. பளபளவென்று உலோகமே தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

உலோகம் என்ன என்பதும் முக்கியம், ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும். ஒட்டினால் இரும்பு. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும், ஆனால் உப்பு சேரும்போது அந்த ஈரத்தில் மின்சாரம் இன்னும் சுலபமாகப் பாய்வதால் அரிப்பு வேகமாகிறது, போதாததற்கு உப்பே காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், எனவே மழையே பெய்யாவிட்டாலும் துரு வரும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிப்பதால் பக்கத்தில் இருக்கும் நல்ல பெயிண்டையும் அது தூக்கிவிடும். ஃபிரேம் குழாயின் ஓரத்தில் கடுகளவு கொப்புளம் தெரிகிறதா, அதை நகத்தால் அமுக்கிப் பாருங்கள், பெயிண்ட் சில்லு போல உடைந்து உள்ளிருந்து காப்பித் தூள் நிறத்தில் உதிரும், கீறல் இருந்ததைவிட அதிக இடம் அரித்திருக்கும். காந்தம் ஒட்டாத அலுமினியத்தில் செந்துரு வராது, ஆனால் உப்பு பட்டால் அதிலும் வெள்ளைப் பொடி பூத்துப் பெயிண்ட் எழும்பும்.

இரும்பு ஃபிரேமுக்கு நான் செய்வது இதுதான். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்க வேண்டும், துரு இருக்கும் இடத்தில் மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களை 800 நம்பரால் சமப்படுத்தி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். தின்னர் வேண்டாம், அது நல்ல பெயிண்டையும் இளக்கிவிடும். தேய்த்த இடத்தில் திரும்ப விரல் படாமல் ரெட் ஆக்சைடு பிரைமர், அது காய்ந்தபின் டச்-அப் பெயிண்ட். பிரஷ்ஷைவிடத் தீக்குச்சியின் முனையை நசுக்கி ஒற்றுவது நன்றாக வருகிறது. ஒரே தடவையில் தடியாகப் பூசாமல் மெல்லிசாக இரண்டு மூன்று முறை ஒற்றுங்கள். வெயில் ஏறி, கடல் காற்று வீச ஆரம்பிக்கும் முன் பூசி முடிப்பது நல்லது, ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். அப்படி அவசரம் என்றால் வெறும் இரும்பின் மேல் கிரீஸையாவது தடவி வையுங்கள்.

கலர் சரியாகச் சேரவில்லையே என்ற கவலை எல்லோருக்கும் வரும். எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் சொல்வார்: "கலர் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா இருக்கட்டும் தம்பி, காத்து உள்ள போவாம அடைச்சியா, அத்த பாரு." இதை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். நாலு கீறலுக்காக ஃபிரேம் முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை, கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட பூச்சின் உறுதி ஸ்பிரே கேனில் வராது. மெல்லிய கீறலுக்கு நெயில் பாலிஷ் கூடப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெயிண்ட்டோடு நிற்காதீர்கள். கோடு வெல்டிங்கை ஒட்டியே ஓடினாலோ, துடைத்த பிறகும் நாளுக்கு நாள் நீண்டாலோ அது விரிசலாக இருக்கலாம், ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கடையில் காட்டுங்கள். கார்பன் ஃபிரேமில் உப்புத்தாளே படக் கூடாது.

கீறல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி நாமே மாட்டி வைத்ததுதான். ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பிரேக் கேபிள் முன்பக்கக் குழாயில் உரசிப் பிறை மாதிரி ஒரு தடம் போடும், அங்கே ஒட்டும் டிரான்ஸ்பரன்ட் டேப் ஒரு விரல் நீளம் போதும். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பக்கத்து வண்டியின் பெடல் இடிக்கும் இடத்திலும், செயின் பூட்டு தொங்கும் இடத்திலும் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள், பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி அடியில் தேங்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும்.